நிற்காத சர்வரும் தொலையாத கடிதமும்

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். ஒரு சர்வர், அதாவது ஓர் அலுவலகத்துக்கே சேவை செய்யும் பெரிய கணினி, நூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பழுதாகிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம், அதில் 87.6 மணி நேரம், ஏறக்குறைய மூன்றரை நாளுக்கும் மேல், அது வேலை செய்யாது. இப்போது அதே மாதிரி இன்னொரு சர்வரைப் பக்கத்தில் வைக்கிறோம். ஒன்று விழுந்தால் மற்றொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் விழுவதற்கான நிகழ்தகவு 1/100 × 1/100, அதாவது 1/10,000. ஆண்டுக்கு 53 நிமிடத்துக்கும் குறைவு. மூன்றரை நாள் ஒரு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது!

தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இரண்டு நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டுமானால், அந்த இரண்டு நிகழ்வுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும் என்று கணித ஆசிரியர் சொல்லியிருப்பாரே, அது நினைவிருக்கிறதா? இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு நிபந்தனையைப் பற்றியதுதான்.

மேலே சொன்ன இரட்டைச் சர்வர் ஏற்பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் ஃபெயில்ஓவர் கிளஸ்டர். மின்னஞ்சல்களைப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைக்கும் காப்பக மென்பொருளை இத்தகைய கிளஸ்டரில் நிறுவிவிட்டு, 'இனி எங்கள் கடிதங்களுக்கு ஆபத்தில்லை' என்று நம்பும் வழக்கம் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பது என் கருத்து. சிறிய நிறுவனமோ பள்ளியோ கூட்டுறவுக் கழகமோ, கையில் இருப்பது அளவான பணம் என்றால், இரண்டாவது சர்வருக்கு முன்னால் வாங்க வேண்டியது வேறு ஒன்று. அது என்ன என்பதற்குப் போகும் முன், இந்த இரண்டு கருவிகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

முதலில் காப்பகம். ஓர் ஊழியருக்குக் காலை 9 மணிக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. 10 மணிக்கு அதை அழித்துவிடுகிறார். அன்று இரவு எடுக்கும் காப்பு நகலில் அவருடைய அஞ்சல் பெட்டியைத் திறந்தால் அந்தக் கடிதம் இருக்காது. காப்பக மென்பொருள் இப்படி இரவுவரை காத்திருப்பதில்லை. எக்ஸ்சேஞ்ச் போன்ற மின்னஞ்சல் சர்வரில் 'ஜர்னலிங்' என்ற வசதி உண்டு. ஒவ்வொரு கடிதமும் கடந்து போகும்போதே அதன் நகல் ஒன்று, யார் யாருக்கு அனுப்பினார் என்ற குறிப்போடு, தனியான ஓர் அஞ்சல் பெட்டியில் விழுந்துவிடும். காப்பக மென்பொருள் அந்தப் பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்துத் தன் கிடங்கில் வைத்துக்கொள்ளும். நூறு பேருக்கு அனுப்பிய ஒரே இணைப்புக் கோப்பை நூறு முறை சேமிக்காது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டை, கைரேகையை ஒப்பிடுவது போல ஒப்பிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு சொற்களுக்கு அட்டவணை போடும். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கிறதே, அது போலத்தான். ஐந்து ஆண்டுக்கு முந்தைய கடிதத்தைச் சில விநாடிகளில் தேடி எடுக்க முடிவது அதனால்தான்.

இதெல்லாம் எதற்கு? நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 5 ஆண்டுகள். விலைப்புள்ளி, விலைப்பட்டியல், 'சரி, அனுப்புங்கள்' என்ற ஒப்புதல் எல்லாமே இன்று மின்னஞ்சலில்தான் நடக்கின்றன. அமெரிக்காவில் 2002 டிசம்பரில், மின்னஞ்சல்களைச் சட்டப்படி மூன்று ஆண்டுகள் பாதுகாக்கத் தவறியதற்காக ஐந்து பெரிய பங்குத் தரகு நிறுவனங்களுக்கு மொத்தம் 82 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது. ஆனால் அபராதத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இது: நான்கு ஆண்டுக்கு முன் முதலாளி எழுதிய ஒரு வரிதான் ஒரு தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கு ஒரே சான்று என்றால், அந்தக் கடிதம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் குடும்பத்தின் பிரச்சினை. காப்பகம் என்பது சொகுசு இல்லை.

இனி கிளஸ்டர். இது புதிய சரக்கு அல்ல. 'உல்ஃப்பேக்', அதாவது ஓநாய்க் கூட்டம் என்ற புனைபெயரில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கி, 1997இல் விண்டோஸ் என்டி சர்வர் 4.0இன் பெரிய பதிப்போடு வெளியிட்டது. கூட்டமாக வேட்டையாடும் ஓநாய்களில் ஒன்று விழுந்தாலும் வேட்டை நிற்காது என்ற எண்ணம் போலும். ஃபெயில்ஓவர் கிளஸ்டர் என்ற இன்றைய பெயர் விண்டோஸ் சர்வர் 2008இல் வந்தது. 2012 பதிப்பிலிருந்து ஒரு கிளஸ்டரில் 64 கணினிகள் வரை சேர்க்கலாம். நாம் இரண்டோடு நிறுத்திக்கொள்வோம்.

இரண்டு சர்வர்களும் ஒன்றுக்கொன்று 'இருக்கிறாயா, இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இதை இதயத் துடிப்பு என்றே அழைக்கிறார்கள். சாதாரணமாக ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு. விண்டோஸ் சர்வர் 2016இல், ஒரே வலையமைப்புப் பிரிவில் இருக்கும் சர்வர்களுக்கு, தொடர்ந்து 10 துடிப்புகள் வராவிட்டால் 'அவன் போய்விட்டான்' என்று மற்றது முடிவு செய்யும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. துடிப்பு நின்றதற்குக் காரணம் சர்வர் செத்தது அல்ல, இடையில் இருக்கும் கேபிள் அறுந்தது என்றால்? இரண்டும் உயிரோடு இருக்கும். இரண்டும் 'நான்தான் மிச்சம்' என்று நினைத்து ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால் தரவு கந்தலாகிவிடும். இதைத் தடுக்க வாக்கெடுப்பு நடக்கும்! ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் ஓட்டு. சாட்சியாக நிற்கும் ஒரு சிறிய வட்டுக்கோ வேறொரு கணினியில் உள்ள கோப்புறைக்கோ ஓர் ஓட்டு. மூன்றில் இரண்டு ஓட்டு கிடைத்த பக்கம் மட்டுமே தொடர்ந்து இயங்கும். தோற்ற பக்கம் தானாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் குழுவில் பெரும்பான்மை என்பதே கிடையாது, மூன்றாவது ஆள் தேவை என்பதை ஒரு மென்பொருள் புரிந்துவைத்திருக்கிறது பாருங்கள்.

காப்பக மென்பொருளை இதில் நிறுவுவது, வீட்டுக் கணினியில் ஒரு விளையாட்டை நிறுவுவது போன்றதல்ல. முதலில் விண்டோஸே தரும் சரிபார்ப்புச் சோதனையை ஓட்டி வட்டு, வலையமைப்பு, அமைப்புகள் எல்லாம் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு நிரலை இரண்டு சர்வர்களிலும், அதே பதிப்பாக, அதே இடத்தில், தனித்தனியாக நிறுவ வேண்டும். ஆனால் கடிதக் கிடங்கையும் சொல் அட்டவணையையும் இரண்டுக்கும் பொதுவான வட்டில்தான் வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் அந்த வட்டுக்குச் சொந்தக்காரர். மென்பொருளின் சேவை கணினியைத் திறந்ததும் தானாக ஓடக் கூடாது. எந்தச் சர்வரில் எப்போது ஓட வேண்டும் என்பதைக் கிளஸ்டர்தான் முடிவு செய்யும். பயனர்களுக்குத் தெரிய வேண்டியது எந்தச் சர்வரின் பெயரும் அல்ல, இரண்டுக்கும் பொதுவாக வைத்த ஒரு மாயப் பெயரும் அதன் ஐபி முகவரியும். வேலை மாறும்போது அந்தப் பெயரும் முகவரியும் வட்டும் சேர்ந்தே மாறும். வட்டும் பெயரும் தயாரான பிறகே சேவை தொடங்க வேண்டும் என்ற வரிசையையும் சொல்லி வைக்க வேண்டும். வட்டு வந்து சேரும் முன் மென்பொருள் எழுந்துவிட்டால் கிடங்கைக் காணாமல் திகைத்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபெயில்ஓவர் என்றால் ஒரு நொடியும் தடங்கல் இல்லாமல் ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டாவது சர்வரில் சேவை புதிதாகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் முதல் சர்வரின் நினைவகத்தில் பாதியில் இருந்த வேலை போய்விடும். தேடிக்கொண்டிருந்தவர் மறுபடி தேட வேண்டும்.

அழகான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொது வட்டை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். சர்வர் இரண்டு, கடிதங்கள் இருக்கும் இடம் ஒன்று. சரி, வட்டுக்குள்ளும் நகல் வைக்கலாம், ஒரு தட்டு கெட்டால் மற்றொன்று காப்பாற்றும். அப்போதும், யாரோ ஒருவர் தவறாகக் கிடங்கை அழித்தால் என்ன ஆகும்? வட்டு கீழ்ப்படிதலோடு எல்லா நகலிலும் அழிக்கும். ஒரு சர்வரில் அழிந்தது இன்னொரு சர்வரில் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் இரண்டும் பார்ப்பது ஒரே கிடங்கை.

உயிரியல் பாடத்தில் டிஎன்ஏ நகலெடுப்பைப் படித்திருப்பீர்கள். அதில் ஒரு பிழை திருத்தப்படாமல் நிலைத்துவிட்டால், அடுத்த செல் பிரிவில் அந்தப் பிழையும் அதே விசுவாசத்தோடு நகலாகும். நகலெடுக்கும் கருவிக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது.

கூகுளுக்கே இது நடந்தது. 2011 பிப்ரவரி கடைசியில், ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினர் தங்கள் பெட்டியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. கூகுள் ஒரு கடிதத்துக்குப் பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்தது. ஆனால் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழை பல நகல்களையும் ஒருசேரத் தாக்கியது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? காந்த நாடா! உங்கள் தாத்தா பாட்டுக் கேட்ட கேசட்டின் உறவுக்காரர். நாடாக்கள் வலையமைப்போடு இணைக்கப்படாமல் தனியாக இருந்ததால் பிழையால் அவற்றைத் தொட முடியவில்லை. அவற்றிலிருந்து கடிதங்களை மீட்கப் பல மணி நேரம் பிடித்தது, ஆனால் கடிதங்கள் திரும்பி வந்தன.

இப்போது நம் முதல் கணக்குக்கு வாருங்கள். 1/100 × 1/100 என்று பெருக்கியபோது, இரண்டு சர்வர்களுக்கும் தனித்தனிக் காரணத்தால்தான் பழுது வரும் என்று எடுத்துக்கொண்டோம். ஒரே அறை, ஒரே மின்சாரம், ஒரே நாளில் வாங்கிய ஒரே வகைக் கருவி, ஒரே மென்பொருள், ஒரே நிர்வாகி என்றால் பெருக்குவதற்கு என்ன இருக்கிறது? 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு இரண்டு எஞ்சின்கள். ஒன்று நின்றால் மற்றொன்றில் பறக்கலாம். ஆனால் ஒரே வாத்துக் கூட்டம் இரண்டிலும் புகுந்தது. விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கியதால் 155 பேரும் பிழைத்தார்கள். இரண்டு எஞ்சின்கள் சாராதவை என்பது அன்று வாத்துகளுக்குத் தெரியவில்லை.

ஆகவே என் வாதம் இதுதான். ஒரு காப்பகத்தைப் பொறுத்தவரை 'நிற்கக் கூடாது' என்பது ஒரு தேவை, 'தொலையக் கூடாது' என்பது வேறொரு தேவை. கிளஸ்டர் முதலாவதற்கு மருந்து. காப்பகத்துக்கு இருக்கும் நோயோ இரண்டாவது. யோசித்துப் பாருங்கள், காப்பகச் சர்வர் அரை நாள் விழுந்து கிடந்தால் என்ன ஆகிவிடும்? புதிய கடிதங்களின் நகல்கள் ஜர்னல் பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். சர்வர் எழுந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். பெட்டியில் இடம் இருக்கும்வரை ஒரு கடிதமும் போகாது. பழைய கடிதத்தைத் தேட வந்த வழக்கறிஞர் மதியம்வரை காத்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் கிடங்கு அழிந்தால் அதை எத்தனை சர்வர் இருந்தும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே முதல் பணம் தனி நகலுக்கு: வேறு கட்டடத்தில், வலையமைப்பிலிருந்து துண்டித்த ஊடகத்தில், அந்தச் சர்வரின் நிர்வாகியால்கூட ஒரே கட்டளையில் அழிக்க முடியாதபடி ஒரு நகல். மிச்சப் பணம் இருந்தால் கிளஸ்டர்.

இதற்கு நல்ல எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். சில காப்பக மென்பொருள்கள் பழைய கடிதத்தைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு, பயனரின் பெட்டியில் ஒரு சிறு குறுக்குவழியை மட்டும் விட்டு வைக்கும். அந்த ஏற்பாட்டில் காப்பகச் சர்வர் விழுந்தால் எவருக்கும் பழைய கடிதம் திறக்காது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் வங்கியிலோ மருத்துவமனையிலோ அது பெரும் தலைவலி. நாளொன்றுக்கு வரும் கடிதங்கள் மிக அதிகம் என்றால் ஜர்னல் பெட்டியும் விரைவில் நிரம்பிவிடும். அத்தகைய இடங்களுக்குக் கிளஸ்டர் தேவைதான். அப்போதும் அது தனி நகலுக்கு மேல் கூடுதலாக வர வேண்டியது, தனி நகலுக்குப் பதிலாக அல்ல.

மைக்ரோசாஃப்ட்டின் பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. எக்ஸ்சேஞ்ச் 2010இலிருந்து மின்னஞ்சல் தரவுத்தளத்தின் நகல்களைப் பல சர்வர்களில் வைக்கும் வசதி உண்டு. அதற்கு அடித்தளமும் இதே ஃபெயில்ஓவர் கிளஸ்டர்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு நகலை வேண்டுமென்றே தாமதமாக, 14 நாள் வரை பின்தங்கி இருக்கும்படி வைக்கலாம். இன்று நடந்த பிழை அந்த நகலுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. எல்லாரும் வேகம் வேகம் என்று ஓடும் துறையில், மெதுவாக இருப்பதையே ஒரு பாதுகாப்பாக மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் கிளஸ்டர் இவ்வளவு கவர்கிறது? அதைக் காட்ட முடியும் என்பதால் என்று நினைக்கிறேன். மேலதிகாரிகள் முன்னால் ஒரு சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கினால், சிறிது நேரத்தில் மற்றொன்று எழுந்து நிற்கும். கைதட்டல் கிடைக்கும். தனி நகலிலிருந்து கடிதங்களை மீட்டுப் பார்க்கும் சோதனையோ ஒரு நாள் முழுக்க இழுக்கும், முடிவில் ஏற்கெனவே இருந்த அதே கடிதங்கள்தான் திரையில் தெரியும். யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் அந்தச் சோதனையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிட்லாப் நிறுவனம் சாட்சி. 2017 ஜனவரி 31 அன்று, ஒத்துழைக்காத இரண்டாம் தரவுத்தளத்தைச் சரிசெய்ய முயன்ற ஒரு பொறியாளர், அதன் கோப்புகளை அழிப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்தார். உடனே நிறுத்தினார். ஆனால் அதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் நாலரை கிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. நாள்தோறும் எடுக்க வேண்டிய காப்பு நகல், பதிப்பு பொருந்தாததால் எடுக்கப்படாமலே இருந்தது. 'நகல் எடுக்க முடியவில்லை' என்று எச்சரித்து அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களை, போலிக் கடிதம் தடுக்கும் அமைப்பு உள்ளே விடாமல் திருப்பிவிட்டது! வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல் இருந்ததால் மிச்சம் தப்பியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். இதை அவர்கள் ஒளிக்காமல் உலகத்துக்கே எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

காலம் என்ற விஷயமும் இருக்கிறது. கடிதத்தை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சர்வர்களைப் பல நிறுவனங்கள் ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. அதாவது இன்று உள்ளே போகும் கடிதம், அதை ஏற்றுக்கொண்ட இயந்திரத்தை விட நீண்ட நாள் வாழ வேண்டும். கிளஸ்டர் இன்றைய இயந்திரத்தைப் பற்றிய கவலை. காப்பகமோ அடுத்த இயந்திரத்துக்குக் கடிதங்களை எப்படிக் கொண்டுபோவது, எந்த வடிவத்தில் வைத்தால் அப்போதும் திறக்கும் என்ற கவலை. (எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருங்கள் என்றும் சொல்லவில்லை. தேவை முடிந்த தனிநபர் தகவலை அழிக்க வேண்டும் என்று நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எதை எப்போது அழிப்பது என்ற விதியும் காப்பக மென்பொருளில் அமைக்க வேண்டியதே.)

'சார், எங்களிடம் சர்வரே இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் செயல்திட்டக் கோப்பு திறன்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒரே நேரத்தில் தெரிகிறதல்லவா? மேகச் சேமிப்பு இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறது. திறன்பேசியில் அழித்துப் பாருங்கள், மடிக்கணினியிலும் போய்விடும். கூகுள் டிரைவில் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு அங்கேயும் இருக்காது. இரண்டு இடத்தில் தெரிவதால் இரண்டு நகல் என்று எண்ணிவிடாதீர்கள். பொது வட்டைப் பார்க்கும் இரண்டு சர்வர்கள் போலத்தான் அவையும்.

இந்த வார இறுதியில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் செயல்திட்டக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அதைக் கழற்றி மேசை அறைக்குள் வையுங்கள். மறுநாள் அதை உங்களுடையதல்லாத ஒரு கணினியில், அண்ணனுடையதோ நண்பனுடையதோ, செருகிக் கடைசிப் பக்கம்வரை திறந்து பாருங்கள். படம் காணவில்லை, எழுத்துரு மாறிவிட்டது, பாதிக் கோப்புதான் இருக்கிறது என்று ஏதாவது தெரிந்தால் குறித்துக்கொண்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.